வீட்டு நிர்வாகத்துக்கு வேண்டிய தகவல்

சேலையூர்,
5-9-2025, வெள்ளி

அன்புள்ள ஷர்மிளாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அங்கே லிமெரிக்கில் நீயும் அருண்ராஜும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். ஸ்தோத்திரம் என்று தொடங்கவில்லை என்று பார்க்காதே. விலக்கப்பட்டவர்களுக்கு எழுதும்போது அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று சபைக்கு எழுதிக்கொடுத்தவன் நான்தான், அந்தக் கை இன்னும் அப்படியே நிற்கிறது. இதைக் கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போனில் தட்டத் தட்ட எனக்கு வாக்கியம் உடைந்துபோகிறது. தாளின் பின்பக்கம் சபையின் முகவரி தெரிந்தால் கண்டுகொள்ளாதே, கடிதம் எழுதும் வேலையை என்னிடமிருந்து வாங்கி ஜெர்சனிடம் கொடுத்தபோது மீதித் தாள்களைத் திருப்பிக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. ஜெர்சன் எழுதும் கடிதத்தில் வரிக்கு ஒரு பிழை இருக்கிறது. ஐக்கியம் என்பதற்கு ஒற்றெழுத்துப் போடத் தெரியாதவன் யாருக்கு ஐக்கியம் உண்டு, யாருக்கு இல்லை என்று எழுதுகிறான். போகட்டும்.

முதலில் விஷயம். வருகிற வியாழன், பதினொன்றாம் தேதி, அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன். கழுத்தில் இடது பக்கம் ஒரு கட்டி, ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் சந்தேகம் என்று எழுதியிருக்கிறார்கள், எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். ரிப்போர்ட்டைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், நீ நர்ஸ், உனக்குப் புரியும். குரோம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, டாக்டர் பெண், பொறுமையாகப் பேசுகிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை என்கிறார். ஆனால் குரல் நரம்பு கட்டிக்குப் பக்கத்திலேயே போகிறதாம். சிலருக்கு ஒரு மாதம் இரண்டு மாதம் குரல் கம்மி இருக்கும், நூற்றில் ஒருவர் இருவருக்கு அப்படியே நின்றுவிடும் என்று சொல்லி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். திருமுடிவாக்கத்தில் முப்பது வருஷமாகப் பல்சக்கரத்தை அளந்து, ஒரு மைக்ரான் கூடினாலும் திருப்பி அனுப்புகிற வேலை பார்க்கிறேன். நூற்றில் ஒன்று என்பது எங்கள் கணக்கில் பெரிய எண்.

இந்தக் கட்டி எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு தாள் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று நான்தான் டாக்டரிடம் அழைத்துப்போனேன். முப்பது வருஷமாகச் செய்த சமையலையே திடீரென்று கேட்பாள். வைத்த இடத்தைக் கேட்பாள். ஒரே கேள்வியை இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்பாள். டாக்டர் அவளிடம் தேதி, கிழமை, வீட்டு விலாசம், நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லு என்று என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வரை போய் நிறுத்தி, இனிமே ஏழு போகாதே டாக்டர் என்றாள். ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை சார் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அம்மா கொஞ்சம் தலையைத் தூக்குங்க, கழுத்துல இது என்ன வீக்கம் என்றார். அப்படித்தான் கண்டுபிடித்தது.

இல்லாத மறதிக்கு ஏன் டாக்டரிடம் போனேன் என்பதற்கு வருகிறேன். உன்னை விலக்கிய கடிதம் என் கையெழுத்தில் இருந்தது உனக்குத் தெரியும். பம்மல் சபைக்கும் போய் அங்கே வாசித்தபோது யாரோ அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை, கேட்டால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. எனக்கும் உன் மேல் வருத்தம் தீரவில்லை. அருண்ராஜும் பைபிள் வாசிக்கிறவன்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாதவன்தான். ஆனாலும் மணியும் தங்கமும் நம் சபைக்கு ஆகாது என்று தெரிந்தும், மணியடிக்கிற அவர்கள் கோயிலில் தங்கத் தாலி கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு வாரத்துக்கு முன் போனில் சொன்னாயே, ஆறு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். அதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன், இன்னும் நிதானமாக. நம் சபையில் கடைத்தெரு ஆளோடு பேசலாம், சாமி கும்பிடுகிற வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கலாம், வெளியே தள்ளப்பட்ட நம் பிள்ளையோடு மட்டும் கூடாது. அது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் விதியில் இன்னொரு வரி உண்டு, அதை நீ கவனித்திருக்க மாட்டாய். அவசியக் காரியம் என்றால் பேசலாம், அதுவும் குடும்பத் தலைவர் வழியாக மட்டும். அந்த வரியையும் நான்தான் எழுதினேன். எது அவசியம் என்று மூப்பர் தேவஇரக்கம் கேட்டபோது, சாவு, வியாதி, சொத்து, அப்புறம் வீட்டு நிர்வாகத்துக்கு வேண்டிய தகவல் என்று சொன்னேன். கடைசியில் அப்படி ஒன்றைச் சேர்த்தால் வாக்கியம் நிறைவாக இருக்கும் என்று பட்டது, வேறு காரணம் இல்லை. சபையில் எல்லோரும் கேட்க அதை வாசித்தார்கள். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து முதல் கேள்வி வந்தது. மிக்ஸியில் சின்ன ஜாருக்கு வாஷர் எந்தக் கடையில வாங்கினாள்னு அவகிட்ட கேளுங்க என்றாள். கேம்ப் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று சொல்லி அன்று சாயங்காலமே வாங்கி வந்து கொடுத்தேன். நீலப் போர்வையை எந்தப் பெட்டியில வச்சாள்னு கேளுங்க என்றாள். பரணில் ஏறித் தேடி எடுத்துக் கொடுத்தேன். கறிவேப்பிலைச் செடியில் வெள்ளைப் பூச்சி வந்தா அவ என்னமோ தெளிப்பாளே, கேளுங்க என்றாள். புளித்த மோர், அதைப் போய்க் கேட்கணுமா என்றேன். எனக்குப் பதில் தெரிந்த கேள்வியை உன்னிடம் ஏன் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். தெரியாததை விசாரித்துச் சொன்னேன். எதையும் விட்டுவைக்கவில்லை. குளிர் நாட்டில் கால் வெடித்தால் என்ன தடவுவார்கள் என்று ஒருமுறை கேட்டாள், தன் கால் வெடித்திருப்பதாகச் சொன்னாள். களிம்பு வாங்கி வந்தேன், அது பிரிக்காமலே அலமாரியில் இருக்கிறது. சுறாப்புட்டுக்கு மஞ்சள்தூளை வேக வைக்கிற தண்ணியில போடணுமா, உதிர்த்த பிறகு போடணுமா, அவகிட்ட கேளுங்க என்று இந்த வருஷம் மட்டும் மூன்று தடவை. அதைக் கேட்டுத்தான் எனக்கு மறதி என்று சந்தேகம் வந்தது.

நீ ஒருமுறை எழுதியிருந்தாய், அம்மா என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டாளா என்று. இல்லை என்று பதில் போட்டேன். அந்த ஒற்றைச் சொல்லை இப்போதும் போனில் எடுத்துப் பார்த்தேன், 2023 மார்ச். பொய் என்று நினைத்து எழுதவில்லை. உன்னைப் பற்றி அவள் கேட்கவில்லை, வாஷரைப் பற்றித்தான் கேட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்புத் தப்பு என்று எனக்குச் சொன்னது மீன்காரி கிளியம்மாள். உனக்கு நினைவிருக்கும், கோவளத்திலிருந்து செவ்வாயும் சனியும் கூடையோடு வருவாளே, இப்போது முட்டி வலி என்று ஷேர் ஆட்டோவில் வருகிறாள். போன செவ்வாய் நான் லீவு, அம்மா பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்து படுத்திருந்தாள், நான் கேட் பக்கத்தில் நின்று மீன் வாங்கினேன். கிளியம்மாள் செதிலைச் சுரண்டிக்கொண்டே, இன்னா சாரே, உம் பொண்ணு அவ்ளோ பெரிய ஆளாயிட்டாளா, பெத்தவ கேட்டதுக்கு ஒரு பதிலு சொல்லக்கூடாதா என்று ஆரம்பித்தாள். வாரா வாரம் என்னாண்ட சொல்லிகினு கீது யம்மா, கேட்டு வுட்டுக்கீறேன் கிளி, இன்னும் பதிலு வர்லன்னு. கல்லு மனசு சாரே உம் பொண்ணுக்கு என்றாள். நான், அவள் கேட்டதற்கெல்லாம் நானே அப்போதே பதில் சொல்லிவிட்டேன், டாக்டர் என்ன சொன்னாலும் அவளுக்குத்தான் மறந்துபோகிறது என்றேன். கிளியம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மறதியாம். ஒரு நெத்திலி கொறஞ்சா போன தீவாளி பாக்கியெல்லாம் சேத்துச் சொல்லுது அது, அதுக்கா மறதி? சுறாப்புட்டு எனக்கே அதான் சாரே கத்துக் குடுத்துச்சு, மீன்காரி எனக்கு. பொண்ணாண்ட பேச ஒரு சாக்கு வோணும், அத்தக் கேட்டுகினு கீது. நீ இன்னாடான்னா நடுவுல குந்திகினு பரீச்ச எழுதறே என்றாள். பக்கத்து வீட்டு சத்யநாராயணன் சார் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும். மீனை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். அன்றைக்கு மீனும் நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. நீ பிள்ளை பெற்ற செய்தி அனுப்பினாயே, ஷர்மிளாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பெண் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். சரி என்று சொல்லி அரிசி களையப் போய்விட்டாள். அந்த வாரம் பிரசவ மருந்துக்குச் சுக்கு எத்தனை, திப்பிலி எத்தனை, அவளுக்கு அளவு தெரியுமா கேளுங்க என்றாள். அங்கே ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். பிறகு, மூணு வயசுப் பிள்ளைக்கு கவுன் எத்தனை இஞ்ச் வைக்கணும், பக்கத்து வீட்டுக்குத் தைக்கணும், கேளுங்க என்றாள். பக்கத்து வீட்டில் மூன்று வயதில் யாரும் இல்லை. இருபத்திரண்டு இஞ்ச் என்று கூகுளில் பார்த்துச் சொன்னேன். நடுவில் ஒருநாள், ரேஷன் கார்டுல பேர் சேர்க்கணும்னா பிள்ளை பேரு வேணுமே, பேரு என்னன்னு கேளுங்க என்றாள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இங்கே ரேஷன் கார்டில் சேர்க்க முடியாது என்று விளக்கிச் சொன்னேன். பேர் எனக்குத் தெரியும். உன் செய்தியிலேயே இருந்தது. அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறோம், ரத்தினபாய் என்றால் இங்கே யாருக்கும் வாயில் வராது, அதனால் ரத்னா என்று எழுதியிருந்தாய். பெயர் அவசியக் காரியத்தில் வராது என்று அப்போது எனக்குப் பட்டது. இன்று வரை அவளுக்குத் தெரியாது.

சபை விவரம் கேட்பாய், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எழுதும் வேலை ஜெர்சனுக்குப் போனதிலிருந்து நான் உள்ளே போவதில்லை, ஒரு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் அம்மாவைப் பொழிச்சலூர் கொண்டுபோய் சபை ஹால் வாசலில் இறக்கிவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். பிரசங்கம் அங்கேயே கேட்கும், தலைக்கு மேல் விமானம் போகும்போது மட்டும் தேவஇரக்கம் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். நான் வராததற்கு என்னை விலக்கியாவது ஒரு கடிதம் எழுதுவார்கள் என்று பார்த்தேன், அதையும் செய்யவில்லை, வழக்கம்போல் தலையசைத்துவிட்டுப் போகிறார்கள். இருபத்திரண்டு வருஷம் எழுதிக்கொடுத்தவனுக்கு ஒரு பக்கம் எழுத ஆளில்லை. அம்மாவின் ஆபரேஷன் தெரிந்ததும் மட்டும் எல்லோரும் வந்தார்கள். சகோதரிகள் கஞ்சி கொண்டுவர ஆளுக்கொரு நாள் முறை போட்டிருக்கிறார்கள், ஜெர்சன் ரத்தம் கொடுக்கிறேன் என்கிறான். குறை சொல்ல முடியாது, அன்பாகத்தான் இருக்கிறார்கள். நாலு மணிநேரம் வீட்டில் உட்கார்ந்திருந்து ஒருவர்கூட உன் பெயரைச் சொல்லவில்லை. போகும்போது தேவஇரக்கம் என்னைத் தனியாக அழைத்து, மகளுக்குத் தகவல் சொல்லலாம் பிரதர், வியாதி அவசியக் காரியம்தான், விதியில இருக்கு என்று நான் எழுதியதை எனக்கே சொல்லிக் காட்டினார். நன்றி என்றேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. பத்தாம் தேதி, புதன்கிழமை, சரியாக நாலு மணிக்கு என் போனில் கூப்பிடு. உங்களுக்குக் காலை பதினொன்றரை வரும், டூட்டி இருந்தால் மாற்றிக்கொள். அன்று ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், பெருங்களத்தூர் நெரிசல் இந்தப் பக்கம் வராது, ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவள் கையில் கொடுத்துவிடுவேன். எடுத்ததும் அம்மா எப்படி இருக்கே என்று கேட்காதே. அழாதே. உன்னைப் பார்க்கணும்போல இருக்கு என்று சொல்லாதே. அதெல்லாம் சொன்னால் மனசாட்சி குத்திப் போனை வைத்துவிடுவாள், அவள் ஒன்றும் பாவனை பண்ணுகிறவள் இல்லை, உண்மையாகவே விசுவாசிக்கிறாள், அதை நானும் மாற்ற முடியாது நீயும் மாற்ற முடியாது. நேராக வாஷரில் ஆரம்பி. எந்தக் கடை, எவ்வளவு விலை என்று சொல். பிறகு போர்வை. பிறகு மோர் எத்தனை நாள் புளிக்க வேண்டும் என்று நீ திருப்பிக் கேள். கால் வெடிப்பு, சுக்கு, திப்பிலி, கவுன் அளவு, பிள்ளையை நிறுத்தி அளந்து வைத்துக்கொண்டு சொல். சுறாப்புட்டைக் கடைசிக்கு முந்தியதாக வைத்துக்கொள், அதில் மஞ்சள் மட்டுமல்ல, பூண்டு எத்தனை, எண்ணெய் எவ்வளவு, அங்கே சுறா கிடைக்காவிட்டால் வேறு எந்த மீன் என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். ரேஷன் கார்டைக் கடைசியில் வை. ஒவ்வொன்றும் வீட்டு நிர்வாகம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. கேள்வி தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள். அருண்ராஜிடம் சொல்லி ஒரு தாளில் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவன் பேச வேண்டாம், பேசினால் என்னை அங்கிள் என்பான், எனக்குப் பிடிக்காது. முடிந்தால் அழைப்பைப் பதிவு செய்துகொள். அவள் குரல் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படி.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே இன்னொரு கேள்வி கேட்டாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் எவ்வளவு நேரம் பேசலாம், தொண்டைக்கு ஒன்றும் ஆகாதே, அவ நர்ஸ்தானே, அவகிட்ட கேளுங்க என்றாள். எனக்குப் பதில் தெரியும், டாக்டரே சொல்லியிருந்தார், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஒன்றும் ஆகாது. எனக்குத் தெரியாது, அவளைத்தான் கேட்க வேண்டும், கேட்டு எழுதுகிறேன் என்றேன். கையிலிருந்த தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள். பிறகு, புதன்கிழமை நாலு மணிக்கு எனக்கு வேலை ஒண்ணும் இல்ல என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

ஐஸில் வழுக்காத செருப்பு வாங்கிக்கொள் என்று போன வருஷமே சொல்ல நினைத்தேன். குழந்தைக்குத் தமிழ் பேசப் பழக்கு, இங்கே யாருக்கும் வேறு பாஷை தெரியாது. கர்த்தர் உன்னையும் உன் புருஷனையும் பிள்ளையையும் கண்ணின் மணிபோல் காப்பாராக. இப்படி உனக்கு எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

புதன், நாலு மணி. முதலில் வாஷர். பிள்ளையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, நீயே அவளிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
இ. ஞானசிகாமணி